பஞ்சு காந்துற வாசம்

“மதுரை வெயிலுக்கு டிரையர் எதுக்குங்க?” வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால் யாராவது டிரையர் வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். சித்திரை மாதம் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் ஈர வேட்டியைப் போட்டுவிட்டு, கீழே வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனால் மடித்து எடுத்து வந்துவிடலாம். அப்படிப்பட்ட ஊர் இது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு புரட்டாசிக் கடைசியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து ஹார்விபட்டி வீட்டுக்குக் கூட்டி வந்த அதே வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு துணி விழும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விரிப்பு நாலைந்து, அடியில் போடும் பழைய வேட்டித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு, அது போக லுங்கி, துண்டு, தலையணை உறை. ஈரத்தில் படுக்க விட்டால் படுக்கைப் புண் வந்துவிடும், வந்தால் ஆற்றுவது கஷ்டம் என்று நர்ஸ் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டினோம். ஃபேனை முழு வேகத்தில் வைத்தோம். மூன்று நாளானாலும் துணியில் ஈர வாடை போகவில்லை. என் மனைவி ராத்திரி பதினோரு மணிக்கு விரிப்புகளை அயர்ன் பாக்ஸ் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மறுநாள்தான் கடைக்குப் போனேன்.

டிரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்துத் தொட்டியைச் சொல்வோமே, அது இல்லை. அது துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து விடுவதோடு சரி. நான் வாங்கியது தனி மெஷின். முன்பக்கம் வட்டக் கதவு, உள்ளே உருளும் டிரம், சூடான காற்றால் முழுக்கக் காய வைப்பது. ஹீட்டர் மட்டுமே இரண்டாயிரம் வாட்டுக்கு மேல். அதனால் ஏசிக்குப் போடுவது போல் தனியாக ஒயர் இழுத்து, பெரிய பின் சாக்கெட் போட்டோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் சொருகவே கூடாது. மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்டு வைக்கும் சின்ன அறையில் வைத்தோம். பின்னால் வரும் நெளிவுக் குழாயை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டி விட்டுப் போனார்கள். அந்தக் குழாய் மூன்று இடத்தில் மடங்கி இருந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெஷின் கதவைத் திறந்தால் கீழ் உதட்டில் ஒரு பிடி இருக்கும். அதைப் பிடித்து மேலே இழுத்தால் ஃபில்டர் வரும். எங்களுடையது புத்தகம் மாதிரி இரண்டாக விரியும். உள்ளே மெல்லிய வலை. அந்த வலையில் ஒவ்வொரு முறையும் பஞ்சு ஒரு படலமாகப் படிந்திருக்கும். முதல் தடவை எடுத்துப் பார்த்தபோது என் மனைவி, “என்னங்க இது, துணியே கரைஞ்சு வந்த மாதிரி இருக்கு” என்றாள். கிட்டத்தட்ட அதுதான் உண்மை. அது வெளியிலிருந்து வந்த தூசி இல்லை. துணி உருண்டு உரசும்போது நூலிலிருந்து உடைந்து உதிரும் குட்டை இழைகள். புது டர்க்கி டவல் முதல் நாலைந்து தடவை கொத்துக் கொத்தாக உதிர்க்கும். நைந்துபோன வேட்டித் துண்டும் அப்படித்தான். பாலியஸ்டர் கலந்த சட்டை கொஞ்சமாகத்தான் விடும். அப்பாவின் நீல லுங்கி போட்ட அன்றைக்கு வலையில் நீலப் பஞ்சு நிற்கும்.

ஒவ்வொரு லோடுக்கும் பிறகு ஃபில்டரைத் துடைக்க வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. முதல் இரண்டு வாரம் சரியாகச் செய்தோம். அப்புறம் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து, ஃபிசியோதெரபி, ஆபீஸ் என்று நாள் ஓட ஓட, இரண்டு லோடுக்கு ஒரு தடவை ஆனது. கார்த்திகை பிறக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவை. அப்போதும் வலையைக் கையால் வழித்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பளிச்சென்று இருக்கும். சுத்தமாகத்தான் இருக்கிறது என்று திரும்பச் சொருகிவிடுவேன்.

மெஷின் எங்களுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு மணி இருபது நிமிஷத்தில் காய்ந்த லோடு, இரண்டரை மணி நேரம் கேட்டது. எடுக்கும்போது துணி கையைச் சுடும், ஆனால் தையல் ஓரத்தில் ஈரம் இருக்கும். மெஷினின் மேல் தகடு தொட முடியாத சூடு. படிக்குக் கீழே இருந்த அந்த அறையின் சுவரில் வேர்த்த மாதிரி நீர் கோத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே குழாயின் வாயில் கை வைத்தால் முன்னெல்லாம் முகத்தில் அடிக்கிற மாதிரி காற்று வரும். அது மூச்சு விடுகிற அளவுக்குக் குறைந்திருந்தது. இது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் பட்டது. சேர்த்து வைத்து யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெம்பு இல்லை. உங்கள் வீட்டில் இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால், அன்றைக்கே மெஷினை நிறுத்திப் பாருங்கள்.

பிறகு ஒரு நாள் சூடே வரவில்லை. டிரம் சுற்றுகிறது, காற்று பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. மெக்கானிக் ஒருவரை வரச் சொன்னோம். பின்பக்கத்தைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, தெர்மல் ஃபியூஸ் போயிருச்சு. பார்ட் வர பத்து நாள் ஆகும். இப்போதைக்கு டைரக்ட் பண்ணித் தந்துடறேன், ஓட்டுங்க” என்றார். வெளியே மழை கொட்டுகிறது. பாத்ரூமில் இரண்டு வாளி நிறைய ஈரத் துணி. நான் சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் சொல்லியிருக்கவே கூடாத ‘சரி’ அது.

தெர்மல் ஃபியூஸ் என்பது கட்டை விரல் நீளம் கூட இல்லாத ஒரு பொருள். மெஷினுக்குள் சூடு அளவு மீறினால் அது தன்னை அறுத்துக்கொண்டு ஹீட்டருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். மறுபடி ஒட்டாது, புதிதுதான் மாற்ற வேண்டும். அது போகிறது என்றால் கெட்டுப்போன பொருள் என்று அர்த்தமில்லை. உள்ளே எங்கேயோ சூடு தேங்குகிறது, காற்று போகவில்லை என்று அர்த்தம். டைரக்ட் என்றால் அந்த ஃபியூஸை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்துவிடுவது. ஏன் போயிற்று என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. காவலுக்கு இருந்தவனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற வேலையைச் செய்தோம். எந்த மெக்கானிக் ஆனாலும், எவ்வளவு அவசரமானாலும், ‘டைரக்ட்’ என்ற வார்த்தை வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துணி காயாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்கலாம், லாண்டரியில் கொடுக்கலாம், கடையில் பத்து விரிப்பு அதிகமாக வாங்கலாம். எல்லாம் செய்திருக்கலாம்.

ஒன்பதாவது நாள் ராத்திரி பத்தேகால் இருக்கும். துண்டும் விரிப்புமாக ஒரு லோடு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி கிரைண்டரிலிருந்து இட்லி மாவை அள்ளிக்கொண்டிருந்தாள். நான் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். டங், டங் என்று சத்தம். அப்பா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறித்தான் வரும். “பஞ்சு... பஞ்சு...” என்கிறார். காலையில் புண்ணைத் துடைக்கப் பஞ்சு எடுப்போம், அதைத்தான் கேட்கிறார் என்று மருந்து டப்பாவிலிருந்து பஞ்சு ரோலை எடுத்து நீட்டினேன். அதைப் பிடுங்கி என் மேலேயே எறிந்தார். முகம் சிவந்துவிட்டது. முழு பலத்தையும் கூட்டி, “பஞ்சு காந்துதுடா” என்றார்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் மில்லில் வேலை பார்த்தவர். முதலில் பேல், அதாவது கட்டாக வரும் பஞ்சைப் பிரித்துத் தூசி எடுக்கும் ப்ளோ ரூம், அப்புறம் அந்தப் பஞ்சைச் சீவும் கார்டிங். ஹார்விபட்டியே மில் தொழிலாளிகளுக்காக உண்டான ஊர்தான். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆட்களின் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். பேல் கட்டி வருகிற இரும்புப் பட்டையில் ஒரு துணுக்கு உடைந்து பஞ்சோடு போனால் போதும், மெஷின் பல்லில் உரசிப் பொறி பறக்கும், பஞ்சு கனியும் என்று சொல்வார். தீ தெரியாது, புகை கூட வராது, வாசம்தான் முதலில் வரும், அந்த வாசம் மூக்குக்கு எட்டியதும் ஓடிப்போய் மெஷினை நிறுத்தாதவன் மில்காரனே இல்லை என்பார். சோறு அடிப்பிடிக்கிற வாசம் வேறு, ஒயர் கருகுகிற வாசம் வேறு. பஞ்சு காந்தும் வாசம் பழைய துணியை அயர்ன் பாக்ஸ் அடியில் மறந்து விட்ட மாதிரி, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ஹாலைத் தாண்டி, இரண்டு கதவைத் தாண்டி, படுக்கையிலிருந்தபடி அவருக்கு அது தெரிந்திருக்கிறது. பக்கத்தில் கண் அசந்திருந்த எனக்கும் தெரியவில்லை, மாவு அள்ளிக்கொண்டிருந்த என் மனைவிக்கும் தெரியவில்லை.

ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் நான் செய்ததைச் செய்யாதீர்கள்: கதவைத் திறந்தேன். உள்ளே நெருப்பு பிடித்திருந்தால் திறந்த நொடியில் காற்று கிடைத்து முகத்தில் அடித்திருக்கும். புகை தெரிந்தாலோ காந்தல் வந்தாலோ கரண்டை நிறுத்த வேண்டும், முடிந்தால் மெயினையே இறக்கிவிட வேண்டும், டிரையர் கதவை மூடியபடியே விட வேண்டும். வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிப் போய்விட்டு 101க்குக் கூப்பிட வேண்டும். கரண்ட் இருக்கும்போது தண்ணீரை எடுத்து ஊற்றவே கூடாது. அன்றைக்கு எங்கள் நல்ல நேரம், தீயாக மாறவில்லை. இரண்டு தலையணை உறை ஓரம் டீ நிறத்துக்கு வந்திருந்தது. அவ்வளவுதான். நடக்க முடியாத மனிதர் ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் அது தீயாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி முழுக்க நான் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மறுநாள் வேறு ஒருவரை வரவழைத்தேன். அவருடைய அப்பா மில்லில் எலக்ட்ரிக்கல் செக்ஷனில் இருந்தவர். அதனால் என் அப்பாவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் முதலில் மெஷினைத் தொடவில்லை. ஃபில்டரைக் கேட்டார். கொடுத்தேன். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. நேரே குழாயடிக்குக் கொண்டுபோய், வலையைப் படுக்கை வசத்தில் பிடித்து, மேலே மெதுவாகத் தண்ணீர் விட்டார். தண்ணீர் கீழே இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு திரண்டு வலை மேலேயே நின்றது. சாய்த்தால் ஓரமாக வழிந்து ஓடியது.

“தண்ணியே போகலண்ணே, காத்து எப்படிப் போகும்?” என்றார்.

வாசனைக்காகத் துணி அலசும்போது சாஃப்ட்னர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்பா துணியில் வாடை இருக்கக் கூடாது என்று மூடி மூடியாக ஊற்றினோம். துணியில் வழுவழுப்பு தருகிற அந்தப் பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வலைக் கண்ணில் படிந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு ஆகிவிடுகிறது. பஞ்சை வழித்தால் போய்விடும். இந்தப் பூச்சு வழித்தால் போகாது.

அவர் சொல்லிக் கொடுத்தபடி கழுவினோம். ஒரு டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு, அதில் ஃபில்டரைக் கால் மணி நேரம் ஊறப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் வட்டமாகத் தேய்த்தோம். கம்பி பிரஷ், ஸ்க்ரப்பர் எதுவும் ஆகாது, வலை கிழிந்துவிடும். தேய்த்து அலசி மறுபடி குழாயில் பிடித்தபோது தண்ணீர் நேராக இறங்கி என் கால் விரலில் விழுந்தது. அதன் பிறகு நிழலில் நிறுத்தி வைத்து, ஒரு நாள் முழுக்கக் காய விட்டுத்தான் சொருகினோம். ஈர வலையைச் சொருகினால் அடுத்த லோடில் பஞ்சு கூழ் மாதிரி அப்பிக்கொள்ளும். அவசரம் என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் பஞ்சு முழுக்க மெஷின் வயிற்றுக்குள் போகும், அது இன்னும் ஆபத்து. வலை எங்காவது கிழிந்திருந்தால் ஊசி நூலால் தைத்து ஒப்பேற்ற வேண்டாம், புதிது வாங்குங்கள். இப்போது நாங்கள் மாதம் ஒரு தடவை இப்படிக் கழுவுகிறோம். சாஃப்ட்னர் ஊற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டோம். துணி நன்றாகக் காய்ந்தாலே வாடை இருப்பதில்லை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றியபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஹீட்டர் இருக்கும் பெட்டியைச் சுற்றிலும், மோட்டார் மேலும், தரையிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சு. கிளறி எடுத்தால் ஒரு தலையணைக்கு அடைக்கலாம். ஹீட்டர் பக்கம் இருந்த பஞ்சின் விளிம்பு பழுப்பாகி, ஒரு இடத்தில் கறுத்தே போயிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்தேன், பொடிப் பொடியாக உதிர்ந்தது.

அவர் சிமெண்ட் தரையிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். காற்று இந்தப் பக்கம் உள்ளே வருகிறது, ஹீட்டரைத் தாண்டும்போது சூடாகிறது, டிரம்முக்குள் போய்த் துணியின் ஈரத்தை வாங்குகிறது, ஃபில்டர் வழியாக வெளியேறுகிறது, ஃபேன் அதைக் குழாய்க்குத் தள்ளுகிறது. மொத்தமும் ஒரே வழி. அந்த வழியில் எங்கே அடைத்தாலும் ஹீட்டர் மேல் ஓடும் காற்று குறையும், அதன் சூட்டை எடுத்துப் போக ஆள் இருக்காது. ஈரமும் உள்ளேயே நிற்கும், அதனால் நேரம் கூடும். நேரம் கூடக் கூட இன்னும் பஞ்சு உதிரும். ஒன்று இன்னொன்றை வளர்க்கும். வலையைத் தப்பி வருகிற கொஞ்சப் பஞ்சு எப்போதும் உண்டு. காற்று நன்றாக ஓடினால் அதில் பெரும்பாலும் வெளியே போய்விடும், ஓடாவிட்டால் உள்ளே தங்கிவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவள் அலறிவிட்டாள். “மாமா, இங்க அபார்ட்மெண்ட்ல குடி வந்த அன்னிக்கே சொல்ற முதல் விஷயம் இது” என்றாள். அங்கே வீட்டுக்கு வீடு டிரையர். அந்த நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளை வைத்துப் போட்ட கணக்கில், குடியிருப்புகளில் டிரையரால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். தீப்பிடிக்கக் காரணமானவற்றில் முதலிடம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமல் விட்டது. நம் ஊரில் இந்த மெஷின் இப்போதுதான் வீடுகளுக்குள் வர ஆரம்பித்திருக்கிறது. விற்கிறவர்கள் எத்தனை கிலோ, எத்தனை புரோகிராம் என்று சொல்கிறார்கள். வலையைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெர்மல் ஃபியூஸ் வந்து மாட்டுகிற வரைக்கும் மெஷினைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் குழாயை மாற்றினோம். பழைய நெளிவுக் குழாயை இழுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஈரப் பஞ்சு களிமண் மாதிரி உட்கார்ந்திருந்தது. மெஷினை வெளிச்சுவர் ஓரமாகத் திருப்பி வைத்து, நேர் பின்னால் சுவரில் ஓட்டை போட்டு, தகர வேலை செய்பவரிடம் நாலு அங்குல விட்டத்தில் வழுவழுப்பான தகரக் குழாய் சொல்லிச் செய்து வாங்கினோம். மொத்த நீளம் இரண்டடி, வளைவே இல்லை. இணைப்பில் ஸ்க்ரூ போடப் போனார், தடுத்துவிட்டேன். ஸ்க்ரூவின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் பஞ்சு மாட்டிச் சேரும். வெளியே கிளாம்ப் போட்டு இறுக்கினோம். வெளி வாயில் அணிலும் பல்லியும் நுழையாமல் இருக்கக் கொசு வலை அடித்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் ஒரே மாதத்தில் அந்த வலையே அடைப்பாகிவிடும். காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் தகர மூடிதான் சரி. ஓடும்போது அந்த மூடி நன்றாகத் தூக்கி நிற்கிறதா என்று மாதம் ஒரு தடவை வெளியே போய்ப் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை குழாயைக் கழற்றி நீளப் பிரஷ் விட்டு இழுக்கிறோம். ஃபில்டர் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் பஞ்சு தேங்கும், அதற்கு வேக்குவம் கிளீனரின் ஒல்லி மூக்கு தேவை.

குழாய் இல்லாத மாடலும் உண்டு, ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்ப்பது. அதில் ஃபில்டரோடு, ஈரக் காற்றைக் குளிர வைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் ஒன்று கீழே இருக்கும். அதிலும் பஞ்சு அடையும், புத்தகத்தில் சொன்ன கணக்குப்படி சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வதும் சேர்ந்தது.

எடுத்த பஞ்சை என்ன செய்வது? ஒரு பாலிதீன் பையில் போட்டு மெஷின் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். எதிர்வீட்டு அக்கா வந்தவர், “இவ்வளவு மெத்துன்னு இருக்கே, கார்த்திகைக்குத் திரி திரிக்க எனக்குக் கொடு” என்றார். அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. கொல்லைப்புறத்தில் சிமெண்ட் தரையில் நெல்லிக்காய் அளவு வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். குச்சி படுவதற்கு முன்பே புஸ்ஸென்று மொத்தமும் ஒரே நேரத்தில் பிடித்து, நான் கையை இழுப்பதற்குள் எரிந்து முடிந்து, தரையில் கறுப்பாகப் பிசுபிசுப்பான ஒரு புள்ளி மட்டும் மிச்சம். பாலியஸ்டர் இழை உருகி ஒட்டியது அது. அக்கா இரண்டடி பின்னால் போய்விட்டார். அன்றிலிருந்து எடுத்த உடனே குப்பைக் கூடையில், மூடி போட்டு. மெஷின் பக்கத்தில் துணி மூட்டை, அட்டைப் பெட்டி, காஸ் சிலிண்டர் எதுவும் கிடையாது.

உள்ளே எது போகக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். எங்கள் வீட்டு நிலைமைக்கு முதலில் சொல்ல வேண்டியது எண்ணெய். அப்பாவுக்குத் தினமும் தைலம் தேய்த்துவிட்டுத் துண்டால் துடைப்போம். சோப்பு போட்டுத் துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள துணி சூடான காற்றில் காய்ந்து, அதே சூட்டோடு குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறிக் கனிய ஆரம்பிக்கும், தீப்பொறியே வேண்டாம். தைலத் துண்டு, எண்ணெய்க் குளியல் துண்டு, சமையல்கட்டுத் துணி இதெல்லாம் வெயிலுக்குத்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பண்டைன் பட்ட துணி பக்கத்திலேயே வரக் கூடாது. படுக்கைக்கு அடியில் போடும் ரப்பர் ஷீட், ஃபோம் வைத்த தலையணை இவையும் ஆகாது. ரப்பர் சூட்டில் கெடும், தீப்பிடிக்கவும் செய்யும். அப்புறம் சட்டைப் பை. திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற நாளில் என் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தோடு மிச்சச் சூடமும் தீப்பெட்டியும் கிடக்கும். ஒரு தடவை துவைக்கிற மெஷினிலிருந்து சூட வாசம் வந்து கண்டுபிடித்தோம். இப்போது என் மனைவி ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துவிட்டுத்தான் போடுகிறாள்.

கடைசிப் பத்து நிமிஷம் சூடு இல்லாமல் வெறும் காற்றில் சுற்றும். துணி ஆறுவதற்காக வைத்திருப்பது அது. அவசரத்தில் நடுவிலேயே நிறுத்தினால், சூடான துணியை உடனே எடுத்துப் பரப்பிவிட வேண்டும், அப்படியே உள்ளே குவியலாக விட்டுப் போகக் கூடாது. தூங்கப் போகும்போதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும்போதும் நாங்கள் ஓட்டுவதே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெஷின் கிடையாது என்று வைத்துவிட்டோம். மிஞ்சினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம். வாஷிங் மெஷின் தொட்டிக்குள் ஒரு சின்ன வலைப்பை இருக்கும், அதையும் கழற்றி அலசினால் டிரையருக்கு வரும் பஞ்சு குறைகிறது. நல்ல வெயில் அடிக்கும் நாளில் எல்லாம் மொட்டை மாடிக்குத்தான். இந்த ஊர் வெயிலை விடத் துணிக்கு நல்லது எதுவும் இல்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

போன புரட்டாசியில், மழைக்கு முன்னால், அதே தம்பியை வரச்சொல்லிப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஒரு கைப்பிடி கூடத் தேறவில்லை. ஹீட்டர் பெட்டி தகடாகத் தெரிந்தது. ஒரு லோடு ஒன்றே கால் மணி நேரத்தில் காய்கிறது.

ஒவ்வொரு லோடு முடிந்ததும் வலையை விரித்து, ஒரு ஓரத்தில் விரலை வைத்து உருட்டினால் பஞ்சு போர்வை மாதிரி முழுசாகச் சுருண்டு வந்துவிடும். அதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் அப்பா கட்டிலுக்குக் கொண்டுபோவேன். எடுத்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பார். இடது கையால் வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழையைப் பிரித்து இழுத்துப் பார்ப்பார். மில்லில் பஞ்சின் நீளம் பார்ப்பது அப்படித்தானாம். இப்போது கொஞ்ச நாளாக வலது கை விரலையும் கொண்டுவந்து மறுமுனையைப் பிடிக்கப் பார்க்கிறார். பாதி நேரம் நழுவிவிடும். நழுவினால் மறுபடி எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்.

“குட்டை இழை” என்பார். “வேஸ்ட்டு. கொண்டுபோய்ப் போடு.”